பார்சல் சோறு கொடுப்பது புண்ணியமா, சோம்பேறிகளை வளர்ப்பதா?

கேள்வி: நெய்வேலியிலிருந்து ஒரு வாசகர், 2024 அக்டோபர் 6

கடலூர் பஸ் ஸ்டாண்டு, புதுச்சேரி ரயில் நிலையம், கோயில் வாசல் என்று எங்கே பார்த்தாலும் ராத்திரி வண்டியில் வந்து பார்சல் கொடுக்கிறார்கள். சாப்பாடு தேடி வருவதால்தான் அந்த ஆட்கள் அங்கேயே கிடக்கிறார்கள் என்பது என் எண்ணம். உடம்பு நன்றாக இருப்பவர்கள் வேலைக்குப் போகலாம். முடியாதவர்களுக்கு அரசு காப்பகம் இருக்கிறது. இது புண்ணியமா, சோம்பேறிகளை வளர்க்கிற வேலையா? வள்ளலார் பெயரைச் சொல்லாமல் யாராவது பதில் சொல்லுங்கள்.

அக்டோபர் 6, இரவு

கடலூர் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, வள்ளலார் பெயரை எடுக்காமல் சோற்றைப் பற்றிப் பேசச் சொல்கிறீர்கள். முடிந்தவரை அடக்கிக்கொள்கிறேன்.

திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ராத்திரி ஷட்டரை இழுத்ததும் கடைப்படியில் படுக்க ஆட்கள் வந்துவிடுவார்கள். நீங்கள் வண்டியில் போகும்போது பார்க்கிற அதே ஆட்களைக் காலையில் எழுப்பிவிட்டுத்தான் நான் கடை திறக்கிறேன். அதனால் 'சோம்பேறி' என்ற இடத்திலேயே எனக்குத் தகராறு. என் படியில் படுக்கிறவர்களில் ஒருவர் பரோட்டா கடையில் பாத்திரம் தேய்க்கிறார். ஒருவர் மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிறார். ஒருவர் விடியுமுன் கிளம்பி அட்டைப்பெட்டியும் பாட்டிலும் பொறுக்கி எடைக்குப் போடுகிறார். கட்டட வேலைக்கு வந்து, மேஸ்திரி பாதியில் கைவிட்டதால் இங்கேயே தங்கிப்போனவர்களும் உண்டு.

வேலை இருக்கிறது, கூலியும் வருகிறது. ஆனால் வாடகைக்கு ஓர் அறை எடுக்க அட்வான்ஸ் மொத்தமாக வேண்டும், ஆதார் வேண்டும். 'குடும்பம் எங்கே இருக்கு?' என்று வீட்டுக்காரர் கேட்டால் அவருக்குப் பிடித்த மாதிரி ஒரு பதிலும் வேண்டும். மூன்றும் இல்லாதவர் அன்றைய கூலியை மடியில் முடிந்துகொண்டு படியில்தான் படுப்பார்.

வேலை செய்ய முடியாதவர்கள் தனி. கண் மங்கிப்போன ஆயா ஒருவர் இருக்கிறார். அவரை எந்த வேலைக்கு அனுப்பலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.

அக்டோபர் 8

காப்பகம் பற்றி முந்தாநாள் எழுத விட்டுப்போனது. நண்பர் விடாமல் கேட்கிறார், 'இருக்கிற இடத்துக்கு ஏன் போகமாட்டேன் என்கிறார்கள்?'

முதலில் சட்டத்தில் இருப்பது. உணவு உரிமை வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம், நகரங்களில் 24 மணி நேரமும் திறந்திருக்கும் காப்பகங்கள் வேண்டும் என்றது. அப்புறம் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதிமுறை, ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு 100 பேர் தங்கும் காப்பகம் ஒன்று, ஆளுக்கு 50 சதுர அடி இடம் என்று கணக்குச் சொன்னது. காகிதத்தில் நல்ல கணக்கு. 50 சதுர அடி என்றால் என் கடையில் பாதி!

இனி, போகாததற்குக் காரணம். நான் கேட்டு வைத்ததைச் சொல்கிறேன். பாத்திரம் தேய்க்கிறவர் வேலை முடிந்து வர நள்ளிரவு தாண்டிவிடும். அந்த நேரத்தில் போய்க் கதவைத் தட்ட அவருக்குத் தயக்கம். புருஷன் பெண்டாட்டியாக இருக்கிறவர்களை ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் என்று பிரித்துவிடுவார்கள் என்ற பயம். குடிக்கிறவர் தன்னை உள்ளே விடமாட்டார்கள் என்று தானே முடிவு செய்துகொள்கிறார். எல்லாவற்றையும்விடப் பெரிய பயம், வண்டி. வயதானவர்களுக்குக் காப்பகம் என்ற சொல்லைக் கேட்டாலே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகிற ஞாபகம் வந்துவிடுகிறது. 1945-இல் வந்த பிச்சை தடுப்புச் சட்டம் நம் மாநிலத்தில் உண்டு. பிடித்துக்கொண்டு போய் அடைத்து வைப்பதையும் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ப்பதையும் அவர்கள் ஒன்றாகப் பார்த்தால் அவர்கள் மேல் தப்பில்லை. தெருவிலும் சிக்னலிலும் பிச்சை எடுப்பதற்குத் தடை விதிக்கச் சொன்ன மனுவை 2021-இல் உச்ச நீதிமன்றமே ஏற்கவில்லை, வறுமைதான் காரணம் என்று சொல்லிவிட்டது. ஆனால் அந்தச் செய்தி படிக்கட்டுவரை வந்து சேரவில்லை.

அக்டோபர் 12

நேற்று ஆயுத பூஜை. ஜெராக்ஸ் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், பொரி, கடலை. ராத்திரி படிக்கட்டில் பார்த்தால் ஆளுக்கு ஒரு மூட்டை பொரி! தெருவில் இருக்கிற எல்லாக் கடைக்காரர்களும் பூஜை முடிந்த பொரியைக் கொண்டுவந்து இவர்களிடம் இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். பல் இல்லாத ஆயா கடலையை என்ன செய்வார்? என்னிடமே திருப்பிக் கொடுத்தார், 'நீ சாப்புடு சாமி' என்று. வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய.

அக்டோபர் 13

தடையை மீறுகிறேன். வள்ளலார்.

நெய்வேலிக்காரர் வடலூரைத் தாண்டித்தானே கடலூருக்கு வருகிறார், ஒருமுறை இறங்கிப் பார்க்கட்டும். 1867 மே 23 அன்று தருமசாலையில் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. அது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. நான் சொல்ல வந்தது வேறு. அங்கே கொஞ்ச தூரத்தில் சத்திய ஞான சபை இருக்கிறது. கொலை, புலை (புலால்) தவிர்த்தவர்கள் மட்டும் உள்ளே வரலாம் என்று அங்கே அறிவிப்பு உண்டு. அதாவது சாமி கும்பிட நிபந்தனை வைத்தார். சோற்றுக்கு வைக்கவில்லை. தருமசாலைப் பந்தியில் 'நீ என்ன சாதி, என்ன வேலை, நேற்று குடித்தாயா, கறி தின்றாயா' என்று யாரும் கேட்பதில்லை. இரண்டும் ஒரே மனிதர் செய்த ஏற்பாடுகள், சில ஆண்டுகள் இடைவெளியில். தெரியாமல் செய்திருக்கமாட்டார்.

நண்பர் கேட்கிற கேள்வியே தகுதி பற்றியது. யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது. பசியை வள்ளலார் பிணி என்று எடுத்துக்கொண்டார். காய்ச்சலில் கிடக்கிறவனிடம், நீ மழையில் நனைந்ததால்தானே வந்தது என்று சொல்லிவிட்டு மருந்தை மறைத்து வைப்போமா?

என் அம்மா வள்ளலாரின் சன்மார்க்கக் குடும்பம். உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக ஒரு தூக்கில் போடுவார். நிறைந்ததும் வடலூருக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்புவார். வீட்டில் எங்களுக்கே அளவாகத்தான் இருக்கும், ஆனாலும் அந்தக் கைப்பிடி நின்றதில்லை. எனக்கு அதில் இன்றைக்குப் படுவது அளவு இல்லை, தினமும் என்பதுதான்.

அக்டோபர் 14

நேற்று எழுதியதைப் படித்துவிட்டுப் பலர் 'ஆகவே அன்னதானம் செய்வோம்' என்று கிளம்பிவிட்டீர்கள் போல. கொஞ்சம் நில்லுங்கள். நான் அந்தப் பக்கம் முழுசாக இல்லை.

தருமசாலையில் தினமும் உண்டு. நம்முடையது அப்படியா? அமாவாசை, பெரியவர்கள் திதி, பிள்ளைகளின் பிறந்தநாள், கட்சித் தலைவர் பிறந்தநாள், புரட்டாசி சனிக்கிழமை. அன்றைக்கெல்லாம் ஒருவர் கையில் நான்கைந்து பொட்டலம். செவ்வாய்க்கிழமை வெறும் செவ்வாய்க்கிழமையாக இருந்துவிட்டால் ஒன்றும் கிடையாது. பசி நம் பஞ்சாங்கத்தைப் பார்த்து வருவதில்லை.

இன்னொன்று, எல்லாரும் ஏன் புளிசாதமே கொண்டுவருகிறீர்கள்? கெடாது என்பதால். கொடுக்கிறவருக்குத் தோதானது அது. என் படியில் படுக்கிறவர்களில் சர்க்கரை வியாதிக்காரர்கள் இருக்கிறார்கள். ராத்திரி பத்தரைக்கு எழுப்பி மூன்றாவது பொட்டலம் புளிசாதத்தைக் கொடுத்தால், காலையில் அது தெருநாய்க்கு. நாய்களும் இப்போது முகர்ந்து பார்த்துவிட்டுப் போகின்றன.

அக்டோபர் 20

'அப்படியானால் என்னதான் வேண்டும் என்கிறீர்கள்?' என்று விழுப்புரத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

என் படியில் ஒரு பெரியவர். பண்ருட்டிப் பக்கம் ஊர். முந்திரிக்காட்டில் வேலை செய்தவர், அப்புறம் ஏதோ பாகத் தகராறு, வெளியே வந்துவிட்டார். அதற்கு மேல் அவர் சொல்வதில்லை, நான் கேட்பதில்லை. அவர் என்னிடம் சோறு கேட்டதே கிடையாது. ஒருநாள் கடை திறக்கும்போது, 'தம்பி, இந்தப் பைய பகல்ல உள்ள வெச்சிக்கிறீங்களா? சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்' என்றார்.

எனக்கு உடனே சரி என்று வாய் வரவில்லை. உள்ளே என்ன இருக்குமோ, நாளைக்கு ஏதாவது காணோம் என்று சொன்னால் நான் என்ன செய்வேன், போலீஸ் கேட்டால் என்ன சொல்வேன். கடைக்காரன் புத்தி அப்படித்தான் ஓடும். அவர் அதைப் புரிந்துகொண்டு, கேட்காமலே பையைத் திறந்து காட்டினார். ஒரு போர்வை, வேட்டி இரண்டு, ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு, ஓர் இளம்பெண்ணின் ஸ்டூடியோ போட்டோ, மக்கிப்போன ரேஷன் கார்டு ஜெராக்ஸ். அந்த ஜெராக்ஸ் என் கடையில் எடுத்ததாகவும் இருக்கலாம்.

பையை வாங்கி வைத்தேன். அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பாடம். அந்த வாரமே அவர் கல்யாண மண்டபத்தில் பந்தி எடுக்கிற வேலைக்குப் போக ஆரம்பித்தார். முன்பு ஏன் போகவில்லை என்றால், பையோடு போனால் யாரும் சேர்ப்பதில்லை. பையை விட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது இருக்காது. தோளில் அழுக்குப் பையோடு வருகிறவரைப் பார்த்ததும் மேனேஜருக்கு ஆள் யார் என்று தெரிந்துவிடும். கையை வீசிக்கொண்டு போனால், அவர் வேலைக்கு வந்த பெரியவர், அவ்வளவுதான். நெய்வேலி நண்பரே, நீங்கள் கேட்ட 'வேலைக்குப் போகலாமே' என்பதற்குத் தேவைப்பட்டது ஒரு பை வைக்கிற இடம்.

இதைக் கேள்விப்பட்டு மற்றவர்களும் வந்தார்கள். பழைய பேப்பர் கட்டு வைத்திருந்த இரும்பு ரேக்கைக் காலி செய்தேன். பை மாறிவிடக்கூடாது என்று அட்டையில் பெயர் எழுதி லேமினேட் செய்து கட்டிவிட்டேன். லேமினேஷன் மெஷின் இருக்கிறவனுக்கு எல்லாவற்றையும் லேமினேட் செய்யத் தோன்றும், அதை விடுங்கள். அந்த அட்டை எழுதும்போதுதான் எத்தனையோ நாளாக என் படியில் படுக்கிற சிலரின் பெயர் எனக்குத் தெரிந்தது.

அக்டோபர் 21

விழுப்புரம் தம்பிக்கு: இல்லை, காசு வாங்குவதில்லை. ஆமாம், ஒரு பையில் பிராந்தி பாட்டில் இருந்தது. எடுத்து அவர் கையில் கொடுத்து, இதை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். சண்டை வரவில்லை.

நவம்பர் 1

நேற்று தீபாவளி. எல்லாருக்கும் புதுச்சட்டை, அதுவும் இரண்டு மூன்று. ரேக்கில் இடமில்லை.

நவம்பர் 17

புதுச்சேரியிலிருந்து ஓர் அக்கா நீண்ட கடிதமே எழுதியிருக்கிறார். கத்தோலிக்கர். இன்றைக்கு அவர்கள் சபையில் ஏழைகளுக்கான உலக நாளாம். போப் பிரான்சிஸ் 2017-இலிருந்து ஆண்டுக்கு ஒரு ஞாயிறை அதற்கென்று ஒதுக்கினார். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இருதய ஆண்டவர் பசிலிக்காவில் பூசை முடித்துவிட்டு வந்து எழுதியது, சூடாக இருக்கிறது.

அவர் சொல்வதின் சாரம் இது. மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் கடைசி நாளில் கேட்கப்போகிற கணக்கு வருகிறது. அதில் ஆறு இருக்கின்றன. பசித்தவனுக்குச் சோறு, தாகத்துக்குத் தண்ணீர், அந்நியனுக்கு இடம், ஆடை இல்லாதவனுக்கு ஆடை, நோயாளியைப் பார்க்கப் போவது, சிறையில் இருப்பவனைப் பார்க்கப் போவது. 'நீங்களும் சரி, எங்க ஆளுங்களும் சரி, முதல் கேள்விக்கே திரும்பத் திரும்ப பதில் எழுதிட்டு பரிட்சை முடிஞ்சதுன்னு எழுந்து வர்றீங்க' என்கிறார். அதற்கு என்ன பதில் சொல்வது! அக்கா டீச்சராக இருக்கவேண்டும்.

அவர் வின்சென்ட் தே பவுல் சபையில் இருக்கிறாராம். 1833-இல் பாரிஸில் ஒசானாம் என்ற மாணவர் நண்பர்களோடு ஆரம்பித்தது. பொட்டலம் கொடுத்துவிட்டு நகர்வது அவர்கள் வழக்கம் இல்லை. ஏழை இருக்கிற இடத்துக்கு நேரில் போய், உட்கார்ந்து, விசாரித்து, மறுபடியும் அதே வீட்டுக்குப் போகவேண்டும். மறுபடியும் என்பதை இரண்டு முறை அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறார். கனடாக்காரச் சிற்பி ஒருவர், பெஞ்சில் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிற வீடில்லாத மனிதனாக இயேசுவைச் செய்திருக்கிறார், பாதத்தில் ஆணிக்காயத்தைப் பார்த்தால்தான் யாரென்று தெரியும் என்றும் எழுதியிருந்தார். படம் பார்த்தேன். அதில் என் கண் முதலில் போனது காலடிக்கு. பெஞ்சில் இன்னொருவர் உட்கார இடம் விட்டிருக்கிறார்.

கடலூர் முதுநகர் பாய் ஒருவர் இதைப் படித்துவிட்டு ஜகாத்தைப் பற்றிச் சொன்னார். இரண்டரை சதவீதம் கொடுப்பது எல்லாருக்கும் தெரியும். அதைப் பெறத்தக்க எட்டு வகையினரில் வழிப்போக்கரும் ஒருவர் என்பது எனக்குத் தெரியாது. சொந்த ஊரில் சொத்து இருக்கலாம், ஆனால் இப்போது வழியில் கையற்று நிற்கிறார், அது போதும், கொடுக்கலாம். பண்ருட்டிப் பெரியவருக்கு ஊரில் பங்கு இருக்கிறதே, அவர் எப்படி ஏழை என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தீர்கள். பாய் பதில் சொல்லிவிட்டார்.

நவம்பர் 18

அக்காவின் ஆறில் ஐந்தாவது என்னை விடவில்லை. நோயாளி.

மூட்டை இறக்குகிறவருக்கு இருமல் நிற்கவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் காட்டினோம், காசநோய். மாத்திரை இலவசம், ஆறு மாதம் விடாமல் சாப்பிடவேண்டும். சத்துணவுக்கென்று மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகை இந்த மாதத்திலிருந்து 1000 ஆகியிருக்கிறது. எங்கே வரும்? பேங்க் கணக்கில். கணக்கு எங்கே? ஆதாருக்கு என்ன முகவரி? சத்து அதிகம் தேவைப்படுகிறவருக்குப் போகவேண்டிய காசு கடைசியாகத்தான் அவரிடம் போய்ச் சேரும்.

ஆனால் ஒரு வழி இருக்கிறது, பயன்படும் என்பதால் சொல்லி வைக்கிறேன். அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் தருகிற சான்றிதழை ஆதாருக்கு ஆவணமாக ஏற்றுக்கொள்கிறார்கள். அதனால் காப்பகத்தைப் பற்றி நான் முன்னே எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள். படுக்க மனமில்லை என்றாலும், ஒரு காகிதத்துக்காகவாவது அந்த வாசலை மிதிக்கவைக்க வேண்டியிருக்கிறது. மூட்டைக்காரரைச் சம்மதிக்க வைக்க நான் பட்ட பாடு தனி. 'வண்டியில ஏத்த மாட்டாங்கல்ல?' என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். நடந்துதான் போனோம்.

டிசம்பர் 5

கரன்ட் இப்போதுதான் ஒழுங்காக நிற்கிறது. ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரை ஏறியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. நாங்கள் ‘தானே’ என்ற புயலைப் பார்த்தவர்கள், 2011 டிசம்பர் 30-இல் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததைப் பார்த்தவர்கள். அதனால் காற்றுக்குப் பயந்து உட்கார்ந்திருந்தோம். இந்த முறை காற்றைவிடத் தண்ணீர். புயல் ஓய்ந்தது என்று மூச்சு விட்டபோது சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து, ஆற்றோர ஊர்களுக்குள் புகுந்தது.

புயலன்று ராத்திரி ஷட்டரைப் பாதி ஏற்றி, படியில் இருந்தவர்களைக் கடைக்குள் விட்டேன். மெஷினுக்கு மேல் தார்ப்பாய், மீதி இடத்தில் ஆட்கள். ஆளுக்கு 50 சதுர அடியெல்லாம் கிடையாது. பாத்திரம் தேய்க்கிறவர் தன் நாயையும் கொண்டுவந்தார். நாய் மட்டும்தான் நிம்மதியாகத் தூங்கியது.

எழுத வந்தது அதுவல்ல. மறுநாளிலிருந்து பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும் ஊரே வந்து தங்கியது. என் தங்கை குடும்பமும் போய் இருந்தது. குளிக்க இடமில்லை, துணி காயவைக்க இடமில்லை, கழிப்பறைக்கு வரிசை, பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுக்கவேண்டும், யாரோ வந்து எழுப்பிச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போட்டோ எடுக்கிறார்கள். தங்கை போனில் பொரிந்து தள்ளினாள். 'சோறு போதும்டா அண்ணா, அதான் மூணு வேளையும் வருது. ஒரு பாத்ரூம் சுத்தமா கிடைக்காதா?' நான் இந்தப் பக்கத்தில் சொல்லிக்கொண்டிருப்பதையெல்லாம் இரண்டே நாளில் சொல்லிவிட்டாள்.

அவளுக்கு நிவாரணம் வரும். ரேஷன் கார்டுக்கு 2000 ரூபாய் என்று இங்கே அறிவித்திருக்கிறார்கள். புதுச்சேரியில் கார்டுக்கு 5000. வரட்டும், தேவைதான். கார்டே இல்லாதவர் எதை நீட்டுவார்? தண்ணீர் வடிந்ததும் எல்லாரும் வீட்டைக் கழுவப் போய்விட்டார்கள். என் படிக்கட்டுக்காரர்களுக்குக் கழுவ வேண்டியது படிக்கட்டு மட்டும்தான். கழுவினார்கள், நான் கேட்காமலே.

டிசம்பர் 6

புதுச்சேரி அக்கா கேட்கிறார், இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அரசாங்கத்துக்குத் தெரியாதா என்று. 2011 கணக்கெடுப்பில் பிப்ரவரி 28 இரவு வீடில்லாதவர்களை எண்ணினார்கள். நாடு முழுவதும் 17.7 லட்சம் பேர் என்று வந்தது. அதற்குப் பிறகு 2021-இல் வரவேண்டிய கணக்கெடுப்பு அந்த ஆண்டு நடக்கவில்லை. அந்த ஓர் இரவில் படுக்கிற இடத்தில் இருந்தவரைத்தான் எண்ணியிருப்பார்கள். நள்ளிரவு தாண்டி வேலை முடிந்து வருகிறவர் அதில் வந்திருப்பாரா?

டிசம்பர் 22

தெருக் கடைக்காரர்கள் கூட்டம். பேச்சு படிக்கட்டைப் பற்றி. ஒருவர் படியில் இரும்புக்கம்பி முனை பதிக்கலாம் என்றார். இன்னொருவர், ராத்திரி தண்ணீர் ஊற்றிவிட்டால் போதும், செலவில்லை என்றார். இருவருமே அமாவாசைக்கு அன்னதானம் செய்கிறவர்கள், அதிலும் தாராளமாக. மனசு கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். கடைவாசலில் மூத்திரநாற்றம் அடித்தால் வியாபாரம் கெடும், நிஜம்தான். எனக்கும் கோபம் வந்த நாட்கள் உண்டு. ராத்திரியில் கட்டணக் கழிப்பறையைப் பூட்டிவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. கடைசியில் ஒரு யோசனை ஒப்பேறியது: கழிப்பறைக்காரருக்குக் கடைக்காரர்கள் சேர்ந்து மாதம் ஒரு தொகை கொடுப்பது, அவர் ராத்திரியும் திறந்து வைப்பது. கம்பி பதிக்கிற செலவைவிட இது குறைவு என்று கணக்குப் போட்டுக் காட்டியதும் ஒத்துக்கொண்டார்கள். ஜீவகாருண்யத்தைவிடக் கால்குலேட்டர் சீக்கிரம் வேலை செய்தது.

இந்த ஊருக்கே ஒரு வரலாறு உண்டு. அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டதும், அது தெப்பமாக மிதந்து கரையேறிய இடம் திருப்பாதிரிப்புலியூர் என்பார்கள். நனைந்து, உடுத்திய துணியோடு, கையில் ஒன்றுமில்லாமல் வந்தவரை அன்றைக்கு ஊரே கூடி வரவேற்றதாம். கூட்டத்தில் இதைச் சொல்ல நினைத்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன், கால்குலேட்டர் போதும் என்று.

2025 ஜனவரி 9

மனநிலை சரியில்லாத பெண் ஒருவர் பற்றிச் சிதம்பரத்திலிருந்து கேட்டிருந்தார்கள். சோறு கொடுத்தால் எறிகிறார், கிட்டே போனால் கத்துகிறார், என்ன செய்வது என்று. சோற்றோடு கிட்டே போவதை முதலில் நிறுத்துங்கள். 2017 மனநலச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. அப்படித் தெருவில் அலைகிறவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகவேண்டியது காவல் நிலையத்தின் கடமை. வீடற்றவர்களுக்கு மனநலச் சிகிச்சை இலவசம் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்து யோசனை கேட்கலாம். ஒரு பெண் போலீஸ் வந்தால் நல்லது என்று ஸ்டேஷனில் சொல்லிப் பாருங்கள். முதல் தடவை கேட்கமாட்டார்கள், மறுபடியும் போங்கள்.

பிப்ரவரி 12

நேற்று தைப்பூசம். வடலூரில் ஜோதி, ஏழு திரை நீக்கி, காலை ஆறு மணியிலிருந்து இன்று விடிகாலைவரை ஆறு காலம். முதல் காலமே பார்த்துவிட்டேன். வழியெல்லாம் அன்னதானப் பந்தல். வாங்க வாங்க என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள்.

முந்தாநாள் பண்ருட்டிப் பெரியவரையும் கூப்பிட்டேன். பஸ்ஸில் போய்விட்டு வரலாம், தருமசாலையில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று. வரமாட்டேன் என்றார். உடம்பு முடியவில்லையோ என்று நினைத்து, கார் ஏற்பாடு செய்கிறேன் என்றேன். அப்போதும் மாட்டேன். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: 'பூசத்துக்கு எங்க ஊரே வரும் தம்பி. நான் பந்தியில உட்காந்திருக்கறத எவனாவது பாத்துட்டு போயி சொல்லுவான். பொண்ணு காதுக்கு போவும்.'

இதை நான் யோசித்ததே இல்லை. அக்டோபரில் எழுதியதை எடுத்துப் படித்துப் பார்த்தேன். நிபந்தனையில்லாத பந்தி, யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்று அவ்வளவு பெருமையாக எழுதியிருக்கிறேன். கொடுக்கிறவர் கேட்கமாட்டார், சரி. பக்கத்து இலையில் உட்கார்ந்திருக்கிறவர்? இருட்டில் முகம் தெரியாமல் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போகிறவர்களை நான் இத்தனை மாதமாகக் கிண்டல் செய்துகொண்டிருக்கிறேன். பெரியவருக்கு அந்த இருட்டு தேவைப்பட்டிருக்கிறது. பெயர் கேள், உட்கார்ந்து பேசு என்று புதுச்சேரி அக்கா சொன்னது மூட்டைக்காரருக்குச் சரி. இவருக்கு, கேட்காமல் இருப்பதுதான் உதவி. பை வைத்துக்கொள்கிறோம், அட்டையில் பெயர் எழுதியிருக்கிறோம், ஆனால் அந்தப் போட்டோவில் இருக்கிற பெண் யார் என்று நான் இன்னும் கேட்கவில்லை. இனியும் கேட்கப்போவதில்லை. அவராகச் சொன்னால் சரி.

அதனால் புளிசாதக்காரர்கள் மேல் நான் போட்ட வழக்கில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். பாதிதான். ராத்திரி பத்தரைக்கு எழுப்புவதற்கு இன்னும் மன்னிப்பு கிடையாது.

பிப்ரவரி 13

நெய்வேலி நண்பர் நாலு மாதம் கழித்து வந்திருக்கிறார்! 'புண்ணியமா இல்லையா என்று நீங்கள் கடைசிவரை சொல்லவே இல்லை' என்கிறார். அந்தக் கணக்கு எழுதுகிற இடம் நம் கையில் இல்லை ஐயா, என்னிடம் ஜெராக்ஸ்தான் எடுக்க முடியும். நீங்கள் வளர்ப்பதாகப் பயந்த சோம்பேறிகளில் ஒருவர் இப்போது மண்டபத்தில் நிரந்தரம். ஒருவர் மாத்திரை முடிக்க இன்னும் மூன்று மாதம். ஒருவர் குடியை விடவில்லை, விடுவார் என்றும் எனக்குத் தோன்றவில்லை, அவர் பையும் ரேக்கில்தான் இருக்கிறது.

வருகிறேன் என்று கேட்ட எல்லாருக்கும் பொதுவாக: ஞாயிறு வேண்டாம், ஆள் நிறைய இருக்கிறது. செவ்வாய், புதன் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாருங்கள். பார்சல் வேண்டாம். காலில் புண் உள்ளவர்களுக்குக் கட்டுத் துணி, பஞ்சு, நகவெட்டி, வாசலைன். கண் பரிசோதனைக்கு ஆயாவை யாராவது கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போகவேண்டும், அவர் ஆட்டோவில் ஏறமாட்டார், நடக்க நேரம் இருக்கிறவர் வந்தால் நல்லது. மார்ச் 2-இலிருந்து நோன்பு. முதுநகர் பாய் தினமும் கஞ்சி கொடுத்தனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார், தூக்கு எடுத்துவர ஒரு ஸ்கூட்டர் வேண்டும். கமென்ட்டில் நம்பரைப் போடாதீர்கள், கடைக்கு வந்து சொல்லுங்கள்.